சாவிக்கொத்தும் சிவப்பு மூக்கும்

புதிதாக மூக்கு மாட்டியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

நான் ஏன் கோமாளி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களாம். உண்மைக் காரணம் மிகச் சின்னது. இந்தத் தொழிலில் கீழே விழ வேண்டும், பிறகு எழ வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பிறகு முதல் வேலை எனக்கு முன்னைவிட நன்றாகவே வந்தது. இரண்டாவதுதான் வரவில்லை. பேராதனைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் விழுந்தேன், சபை சிரித்தது. எழ முடியாமல் கிடந்தேன், அதற்கும் சிரித்தது. இரண்டு பேர் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இதைவிட நல்ல கடைசிக் காட்சி இனி எனக்கு அமையப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். பலூனில் நாய் செய்வதையும், வலிக்காமல் உருள்வதையும் நான் எழுத வேண்டியதில்லை. கைபேசியைத் தட்டினால் யாரோ ஒரு வெள்ளைக்காரன் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறான். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது பயம். அதில் மட்டும் எனக்குப் போட்டியாக இந்தக் கண்டி மாவட்டத்தில் ஆளே கிடையாது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒருமுறை கால் சுளுக்கி, எண்ணெய் பூசிக்கொண்டு படுத்துக் கிடந்தபோது, நம்முடைய முன்னோர்களைப் பற்றி, அதாவது அரசவைக் கோமாளிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நம் ஆள் இல்லாத அரண்மனையே உலகத்தில் இல்லை. ஐரோப்பாவில் குல்லாயில் மணி கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறான். பழைய வடமொழி நாடகங்களில் விதூஷகன் என்ற பெயரில் தொப்பையும் பசியுமாக ராஜாவின் பின்னால் அலைந்திருக்கிறான். நம் ஊர் ராஜாக்களின் சபையிலும் ஒருவன் இருந்தானாம். சிங்கள வீடுகளில் இன்றும் பிள்ளைகளுக்கு அவன் கதையைச் சொல்கிறார்கள்.

பழைய சீனத்தில் ஓர் அரசனுக்குத் தன் நகரத்து மதில் முழுவதற்கும் அரக்கு மெருகு பூச ஆசை வந்ததாம். அந்த வேலையில் சனம் செத்துப்போகும். அதைச் சொல்ல மந்திரிகளுக்கு வாய் வரவில்லை. கோமாளிதான் முன்னால் போய், அருமையான யோசனை என்று கைதட்டினானாம். மதில் வழுக்கும், எதிரி ஏற முடியாது. சிக்கல் ஒன்றுதான், அரக்கு நிழலில் காய வேண்டும், மதிலையே மூடுகிற கொட்டகையை எங்கே போடுவது என்று கேட்டானாம். அரசன் சிரித்துவிட்டு ஆசையைக் கைவிட்டான் என்கிறார்கள்.

பிரான்ஸ் தேசத்து அரசன் ஒருவனின் கப்பல் படை முழுவதும் ஆங்கிலேயரிடம் அழிந்துபோனபோதும் இப்படித்தான். செய்தி சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. நம் ஆள் போய், ஆங்கிலேயர் சுத்தப் பயந்தாங்கொள்ளிகள், நம் வீரர்களைப் போலத் துணிந்து கடலில் குதிக்க அவர்களுக்குத் தைரியமே வரவில்லை என்று சொன்னானாம்.

இவர்களையெல்லாம் புத்தகங்கள் தைரியசாலிகள் என்கின்றன. நான் நம்பவில்லை. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு அன்று காலையிலிருந்தே வயிறு கலங்கியிருக்கும். எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

என் பயத்தில் சின்னதாக ஒன்று சொல்லிவிட்டுப் பெரியதற்கு வருகிறேன்.

கடுகண்ணாவையில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் பிறந்தநாள். பிறந்தநாள்காரி என்னைப் பார்த்தவுடனேயே வீரிட்டு அழுது மேசைக்கடியில் போய்விட்டாள். கூலி கொடுத்துக் கூப்பிட்ட ஆளைப் பார்த்துப் பிள்ளை அலறினால் தாய் எப்படிப் பார்ப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு உதறல் எடுத்துவிட்டது. உதறல் எடுத்தால் நான் செய்கிற ஒரே காரியம் சத்தத்தைக் கூட்டுவது. பாடினேன், குட்டிக்கரணம் போட்டேன், நாய் மாதிரிக் குரைத்தேன். நான் குரைக்கக் குரைக்க அவள் அலறினாள். வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது. கடைசியில் வேர்வையைத் துடைக்க மூக்கைக் கழற்றினேன். அது கை நழுவி உருண்டு மேசைக்கடியில் போய்விட்டது. உள்ளே சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மேசைத் துணி விலகியது. சிவப்பு மூக்கோடு அவள் வெளியே வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எனக்குக் கட்டளை போட்டாள்:

"இப்ப நீங்க அழுங்க!"

அழுதேன். அது நடிப்பு இல்லை.

சரி, இப்போது அரண்மனைக்கு வருவோம்.

கண்டி டவுனுக்குள் ஓர் இரும்புக்கடை. ஆணி, கீல், கம்பி, பெயின்ட், சீமெந்து எல்லாம் கிடைக்கும். முதலாளி நல்ல மனிதர், ஆனால் குரல் பெரியது. அவர் உள்ளே இருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டால் தெருவில் போகிற அந்தப் பெயர்க்காரர்களும் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். வருஷம் முழுக்க அந்தக் கடைக்கு அவர்தான் ராஜா. ஆயுத பூசை அன்று மத்தியானம் மட்டும் ராஜா கவிழ்ந்துவிடுவார். அது அந்தக் கடையின் வழக்கம். சுத்தியலுக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை முடித்ததும், மேல்மாடியில் பாய் விரித்து வேலைக்காரர்கள் இலை முன்னால் உட்காருவார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு பரிமாறுவார். அந்த ஒரு சாப்பாட்டு நேரம் அவரை யார் வேண்டுமானாலும் அதட்டலாம்.

"முதலாளி! ரசம் எங்க? ஆளப் பாத்து ஊத்துறீங்களா?"

"இந்தா வர்றேன் சாமி, கோவிச்சுக்காதீங்க."

"முதலாளி, மட்டத் பப்படம்!" இது நிமல். முப்பது வயதிலிருந்து அங்கே விற்பனை ஆளாக நிற்கிற சிங்களவர். தனக்கும் அப்பளம் வேண்டுமாம்.

"ஒனக்கு மூணு போட்டாச்சுடா நிமல்!"

"ஹலோ, அதட்டப்படாது. இண்டைக்கு நாங்கதான் முதலாளி."

இந்தக் கூத்துக்கு நடுவில் குல்லாயும் மணியுமாக நின்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதற்குத்தான் என்னை வருஷா வருஷம் கூப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் முதலாளி சாமி படத்துக்கு முன்னால் இருக்கிற கடைச் சாவிக்கொத்தை எடுத்து, மறுநாள் விஜயதசமிக்குக் கடையைத் திறக்கப் போகிறவர் கையில் கொடுப்பார். ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு வேலைக்காரர். யாருக்குக் கிடைக்கும் என்று ஒரு வாரமாகப் பந்தயம் நடக்கும்.

நான் சொல்கிற வருஷம் பந்தயம் நடக்கவில்லை. காலையிலிருந்தே முதலாளி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த வருஷம் கோபிதான். இனிமே எப்பவும் கோபிதான்." கோபி அவருடைய ஒரே மகன். இருபத்தாறு வயது. கணக்கியல் படித்துக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி.

முதல் சுற்று சாம்பார் போய்க்கொண்டிருக்கும்போது முதலாளியின் மனைவி மாடிப்படித் திருப்பத்திலிருந்து கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். பெயின்ட் வாளிகளுக்கு நடுவில் நிற்க வைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்களத்தான் நம்பியிருக்கேன். அவருக்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லிருவோம்மா. என்னா விஷயம்?" என்றேன். விஷயத்தைக் கேட்பதற்கு முன்னால் ஒப்புக்கொள்வது என் பழைய வியாதி.

"கோபி கணக்கு வகுப்புக்குப் போறதே இல்ல. ஒரு வருஷமா பல்லேகல கிரிக்கெட் மைதானத்துல வேல செய்யுறான். பந்து போடுற அந்தத் தரை இருக்குல்ல, பிட்ச்சு, அத செய்யுற வேல. இப்ப நிரந்தரமாக்கிட்டாங்க. திங்கக்கெழம கையெழுத்துப் போடணும். அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

நான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"சாவிய நீட்டுற நேரம் இவன் வாங்கலேன்னா, இத்தன பேருக்கு முன்னால அவரு மொகம் என்னாகும்? வாங்கிட்டான்னா இவன் வாழ்க்க என்னாகும்? சாப்பாடு முடியிறதுக்குள்ள அவரு காதுல போட்டுருங்க."

"நீங்களே சொல்லலாமேம்மா?"

"நான் சொன்னா ஒரு வாரத்துக்குச் சாப்பிட மாட்டாரு."

"கோபி?"

"அவனுக்கு அப்பா முன்னால நின்னாலே நாக்கு ஒட்டிக்கும்."

"நான் சொன்னா மட்டும்?"

"நீங்க கோமாளிதானேங்க," என்றார் அவர், மிகவும் அன்பாக.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் அந்தப் பிரெஞ்சுக்காரனின் வயிறு எனக்குப் புரிந்தது. நான் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் பபூன் வேஷம் கட்டித் தொழிலுக்கு வந்தவன். தோட்டத்துத் துரையையே கேலி செய்திருக்கிறேன். ஆனால் துரையைக் கேலி செய்யும்போது துரைக்குத் தமிழ் முழுக்கப் புரியாது என்ற ஒரு தைரியம் உண்டு. முதலாளிக்குத் தமிழ் நன்றாகப் புரியும்.

கை கழுவப் போகிறவன் மாதிரிப் பின்பக்கம் நழுவினேன். அங்கே ஒரு சன்னல், அதற்குக் கீழே தகரக் கூரை, அதற்கப்பால் சந்து, சந்து முடிவில் தெல்தெனியா பஸ் போகிற தெரு. சன்னலுக்குள் என் தலை போனது, குல்லாய் போகவில்லை. மணிகள் சன்னல் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிணுகிணுவென்று காட்டிக்கொடுத்தன. பாயசம் கிண்டிக்கொண்டிருந்த சமையல்காரர் திரும்பிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன அண்ணை, காத்து வாங்குறியளோ? முகத்தில பூசினதெல்லாம் வடியுது. பாயசத்துக்க விழப்போகுது, அங்கால தள்ளி நில்லுங்கோ."

"சும்மா… புழுக்கம்."

"ஓம், எனக்கும் புழுக்கம்தான். சாம்பாருக்கு உப்புக் கூடிப்போச்சு. எனக்குத் தெரியும். சாப்பிடுற ஆக்களுக்கும் தெரியும். எப்பிடி எண்டு கேட்டா நல்லா இருக்கு எண்டினம். நானும் சந்தோசம் எண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறன்."

அந்த மனிதர் அப்போது எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்தார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. என் தலையைச் சன்னலிலிருந்து பிடுங்கிக்கொள்வதில் மும்முரமாக இருந்தேன்.

மூலையில் கோபி மோரைச் செம்பில் ஊற்றிக்கொண்டிருந்தான். பாதி செம்புக்குள், பாதி தரையில்.

"நீயே சொல்லிரேன்டா," என்றேன்.

"சொன்னா, எவ்வளவு காலமான்னு கேப்பாரு மாமா. அதுக்குத்தான் பதில் இல்ல."

"அந்தத் தரையில அப்பிடி என்னடா இருக்கு?"

அவன் முகம் மாறியது. "மாமா, காலைல போயி அதக் கையால தட்டிப் பாக்கணும். சத்தத்துலயே தெரியும், இன்னும் தண்ணி கேக்குதா, போதுமான்னு. ஒரு நாள் நான் தப்பாச் சொல்லிட்டேன், பந்து எழும்பவே இல்ல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல." பிறகு செம்பைப் பார்த்துக்கொண்டே, "கடையில எதுக்காகவும் எனக்குத் தூக்கம் வராம இருந்தது இல்ல மாமா," என்றான்.

இதைக் கேட்ட பிறகு சன்னல் வழியாக ஓட முடியாது. குல்லாயைக் கழற்றியிருந்தால் ஓடியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

இங்கே நான் யோசித்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இந்த நிலைமை வரும். ராஜாவிடம் உண்மை சொல்கிற கோமாளி தன் முதுகை நம்பிச் சொல்கிறான். சவுக்கடி விழுந்தால் அவன் மேல் விழும். இங்கே என் முதுகுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. நான் விஷயத்தைப் போட்டு உடைத்தால் அடி கோபி மேல் விழும், மறைத்து வைத்த அம்மா மேல் விழும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஊழியர் முன்னால் ஒன்றும் தெரியாத தகப்பனாக நிற்கப் போகிற அந்தப் பெரிய குரல்காரர் மேல் விழும். நான் கூலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். அடுத்தவன் முதுகை வைத்துக்கொண்டு தைரியம் காட்டக் கூடாது. இவ்வளவு தெளிவாக யோசித்தேன். ஆனால் என்ன செய்யக் கூடாது என்பதுதான் தெரிந்ததே தவிர, என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை.

பாயசம் போகிற நேரம் சீனத்து வழியைப் பிடித்தேன். அளவுக்கு மீறிப் பாராட்டினால் அவருக்கே உறைக்கும் என்று நினைத்தேன்.

"மகாராஜா! இளவரசருக்குச் சாவி மட்டும் குடுத்தாப் போதுமா? அப்புறம் எழுந்திருச்சுப் போயிட்டாருன்னா? கல்லாப்பெட்டியோட சேத்துச் சங்கிலி போட்டுக் கட்டிருவோம். மாடு கட்டுற சங்கிலி நம்ம கடையிலேயே இருக்கு!"

மேல்மாடி அதிர்ந்தது. முதலாளி பாயச வாளியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பூட்டும் இருக்கு முதலாளி!" என்றான் ஒருவன்.

"சங்கிலி வெலையில கழிவு குடுப்பீங்களா?" என்றான் இன்னொருவன்.

"நல்ல யோசனையா இருக்கே!" என்றார் முதலாளி.

சீனத்து அரசன் சிரித்தான், புரிந்துகொண்டான். கண்டி முதலாளி சிரித்தார், அத்தோடு சரி. கோபியின் முகம் என் முகப்பூச்சை விட வெளுத்திருந்தது. படித் திருப்பத்தில் நின்ற அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். என் முப்பது வருஷத் தொழிலில் இவ்வளவு நல்ல சிரிப்பு வாங்கி இவ்வளவு மோசமாக உணர்ந்ததில்லை.

இலை எடுத்தாயிற்று. கை கழுவியாயிற்று. முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாமி படத்தின் பக்கம் போனார். சாவிக்கொத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்பினார்.

"கோபி. வா."

வழக்கமான குரல் இல்லை அது. சின்னக் குரல். நிமல் கைபேசியை உயர்த்திப் பிடித்தார். கோபி மோர்ச் செம்போடு ஓரடி வைத்தான், நின்றுவிட்டான். முதலாளி சாவியை நீட்டிக்கொண்டு நடந்து வந்தார்.

என் மூளை அந்த நேரம் விடுமுறையில் போயிருந்தது. கால்கள்தான் வேலையில் இருந்தன. அவை என்னைக் கொண்டுபோய் இரண்டு பேருக்கும் நடுவில் விட்டு, தமக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தன. விழுந்தேன். நல்ல விழுதல் என்று சொல்ல மாட்டேன். முழங்காலில் ஒரு சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் இப்போதும் மழைக்காலத்தில் கேட்கிறது.

"என்னய்யா, அடிபட்டுருச்சா?" முதலாளி குனிந்து என்னைத் தூக்கினார். முகத்துக்கு நேரே முகம். இதுதான் நேரம், ஏதாவது சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பகிடி எல்லாம் ஒன்றாக என்னை விட்டு இறங்கிப் போய்விட்டது. வேர்வையில் ஊறிப்போன மூக்கு தானாகக் கழன்று என் கையில் விழுந்தது.

கையில் ஒரு சாமான் இருக்கிறது, எதிரே ஒரு மூக்கு இருக்கிறது. மாட்டிவிட்டேன்.

மீசை வைத்த, பெரிய குரல் கொண்ட, ஊரில் கண்டால் நாலு பேர் எழுந்து நிற்கிற அந்த மனிதர் சிவப்பு மூக்கோடு நின்றார். பிறகு நிமல் தொடையில் அடித்துச் சிரித்தார். "அம்மோ! முதலாளி பபூன்!" எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி மூக்கைத் தொட்டுப் பார்த்தார், கழற்றவில்லை.

சிரிப்பு ஓய்ந்தால் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும். நொண்டிக்கொண்டே போய் அவருடைய பெரிய கதிரையில் ஏறி உட்கார்ந்தேன். கோபி ஓடுவதற்கு ஒரு நிமிஷம் கிடைக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு திட்டம் எதுவும் இல்லை.

"இப்ப நான் ராஜா!" என்று கத்தினேன். "நீதான் கோமாளி. இந்தச் சபையில எல்லாரும் சொல்லப் பயப்படுற ஒரு விஷயத்தச் சொல்லு பாப்போம். மூக்கு இருக்குற வரைக்கும் ஒன்னய யாரும் ஒண்ணும் கேக்க முடியாது!"

குறை எடை போடுகிறவர்களைப் பற்றியோ, தாமதமாக வருகிறவர்களைப் பற்றியோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாவிக்கொத்தைக் கையில் புரட்டிக்கொண்டு நின்றார்.

"மகாராஜா," என்றார். "ஒங்க மகன் ஒரு வருஷமா கணக்குப் படிக்கப் போறான்."

நான் கதிரையின் நுனிக்கு நகர்ந்தேன்.

"கணக்கு வகுப்புல களிமண்ணு ஏது மகாராஜா? தெனம் வாசல்ல அவன் சப்பாத்தப் பாக்குறேன். நம்ம கடையில சீமெந்து இருக்கு, மணல் இருக்கு, சுண்ணாம்பு இருக்கு. அந்த மண்ணு மட்டும் இல்ல."

இரண்டொருவர் சிரித்தார்கள். எனக்குச் சமையல்காரரின் சாம்பார் உப்பு நினைவுக்கு வந்தது: எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. நிமல் கைபேசியைத் தானாகவே கீழே இறக்கிக்கொண்டார்.

"ஒரு நாளு அவன் போன பஸ்ஸுக்குப் பின்னால அடுத்த பஸ்ஸுல போனேன். பல்லேகலையில எறங்கி வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன். வெயில்ல குந்திக்கிட்டு, தரையத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தான். நம்ம கடையில ஒரு ஆணியக்கூட அவன் அப்பிடித் தொட்டது இல்ல மகாராஜா."

நான் ராஜாவாக ஏதாவது பேச வேண்டும். தொண்டையைச் செருமினேன். "அப்பறம் ஏன்டா கோமாளி, அவன்கிட்ட சாவிய நீட்டுன?"

"அவனா வந்து சொல்லுவான்னு இருந்தேன். ஒரு வருஷம் இருந்தேன். காலையில இருந்து கோபிதான், கோபிதான்னு ஊருக்கே கேக்குற மாதிரிச் சொல்லிக்கிட்டு இருக்கேன், அப்பவாவது ‘அப்பா, வேணாம்’னு வருவான்னு. வரல. நான் கேட்டு, அவன் பயந்துபோயி ‘கடைக்கே வந்துர்றேன்’னு சொல்லிட்டா? அதான் கேக்கல. இப்ப நீட்டிட்டேன். வாங்கிருவானோன்னுதான் கை நடுங்குது."

சாவிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

கோபி மோர்ச் செம்பைக் கீழே வைத்தான். "அப்பா, எனக்குச் சாவி வேணாம்."

"சத்தமாச் சொல்லு."

"சாவி வேணாம்ப்பா. எனக்குத் திங்கக்கெழம வேல கெடைக்குது."

முதலாளி தலையாட்டினார். மூக்கும் ஆடியது. அதைப் பார்த்து அழ வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் மேல்மாடியே திணறியது. திணறலை உடைத்தது படித் திருப்பத்திலிருந்து வந்த குரல்.

"ஓஹோ! ஒங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும். நான்தான் ஒரு வருஷமா, வீட்டுல இடி விழப்போகுதுன்னு தூங்காமக் கெடந்தேனா?" அம்மா விறுவிறுவென்று வந்தார். முதலாளியின் கையிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கினார். "குடுங்க இத. ரெண்டு பேருமே இதுக்கு லாயக்கில்ல. நாளைக்கு நான் தொறக்குறேன்."

"நீயா?" என்றார் முதலாளி.

"ஏன், தொறந்தா தொறக்காதா?"

"ஜயவேவா!" என்று நிமல் சிங்களத்தில் வெற்றிக் கோஷம் போட்டார். அந்தக் கூச்சல் கீழே தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் அவர்தான் திறந்தார். இன்றைக்கும் அவர்தான் திறக்கிறார். கல்லாவில் முதலாளி இருப்பார், சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கும். கோபி பல்லேகலையில் இருக்கிறான். பெரிய போட்டி நடக்கிற நாளில் முதலாளி கடைத் தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். பந்து நன்றாக எழும்பினால் வாடிக்கையாளருக்கு ஆணி ஒரு கை கூடுதலாக விழும்.

அன்று நான் புறப்படும்போது முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மூக்கு இன்னும் அவர் முகத்திலேயே இருந்தது.

"எனக்குத் தெரியும்னு ஒங்களுக்கு எப்பிடிய்யா தெரிஞ்சிச்சு?"

"தொழில் ரகசியம் முதலாளி," என்றேன். வாய்தான் சொன்னது. கால் இரண்டும் அதற்குள் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டன. இந்தக் கதை ஊரில் பரவி, பெரிய கோமாளி, மனசைப் படிக்கிற கோமாளி என்று எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரில் நாலு வருஷம் பிழைத்தேன். இப்போது வேலையை விட்டாயிற்று, இனி உண்மையைச் சொன்னால் நஷ்டம் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. பயத்தில் மாட்டினேன்.

ஆனால் அதன் பிறகு ஒன்று செய்தேன், நீங்களும் செய்யுங்கள். எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் பையில் இரண்டு மூக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாம்தான் உண்மை சொல்கிறவர்கள், மற்றவர்கள் கேட்கிறவர்கள் என்று அந்தப் பழைய கதைகள் நமக்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டிருக்கின்றன. அந்தச் சபைகளில் எத்தனை ராஜாக்கள் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு கிரீடத்துக்குக் கீழே வேர்த்துக்கொண்டிருந்தார்களோ! ஒருவனுக்கும் ஒரு மூக்கை இரவல் கொடுக்கத் தோன்றவில்லை.

முதலாளி அதைத் திருப்பித் தரவில்லை. கேட்க எனக்குத் துணிவும் இல்லை. அடுத்த வருஷம் ஆயுத பூசைக்குப் போனபோது சாமி படத்துக்கு முன்னால் வழக்கம்போலச் சாமான்களை வரிசையாக வைத்திருந்தார்கள். சுத்தியல், உளி, குறடு, தராசு. தராசுக்குப் பக்கத்தில், சந்தனம் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்து, என் மூக்கு.